தோகையில்லாத மயில் மார்க்

கம்பெனி வரலாறு எழுதி மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: எண்ணெய்க் கம்பெனியில் எண்ணெயைவிட நன்றாக வடிகட்டப்படுவது வரலாறுதான். துடியலூரில் எங்கள் கம்பெனியின் வெள்ளிவிழா மலர் வேலை, விளம்பரப் பிரிவில் இருந்த என் தலையில் விழுந்தது.

மயில் வந்த கதை

எங்கள் கடலை எண்ணெய் டின்னில் ஒரு மயில் உண்டு. 'முருகன் அருளால் அமைந்த சின்னம்' என்று எழுதிவிட்டு, முதல் நாளிலிருந்து பேக்கிங்கில் இருக்கும் பழனியம்மாள் அக்காவிடம் சரிபார்க்கப் போனேன். அக்கா சிரித்தார். பெயிண்டர் தலையைப் பெரிதாகப் போட்டுவிட்டாராம், தோகைக்கு இடம் பத்தவில்லையாம். பல்லடத்து மளிகைக்கடைக்காரர் பல வருஷம் இப்படித்தான் ஆர்டர் சொன்னாராம்: "ஏனுங்க, அந்தக் கோழி எண்ணெய் ரெண்டு டின் அனுப்புங்க."

புகார் நோட்டு

ஒரு புகார்கூட வந்ததில்லை என்று எழுதச் சொன்னார் முதலாளி. நோட்டைப் பார்த்தேன், நிஜமாகவே காலி. அன்று அவிநாசியிலிருந்து ஓர் அம்மா பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் சொன்னதைக் கவுன்டரில் இருந்தவர் பாராட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சொன்னது இதுதான்: "எண்ணெய் அருமையா இருக்குதுங்க. காறல் வாடை மட்டுந்தானுங்க கொஞ்சம்."

சின்னப் பாக்கெட்

டின் விற்காமல் கம்பெனி மூடும் நிலைக்கு வந்தபோது காப்பாற்றியது சின்னப் பாக்கெட். தறிக்காரர்கள் அன்றன்றைக்குத்தான் எண்ணெய் வாங்குகிறார்கள், கையளவு பாக்கெட் போடலாம் என்று சொன்னது பழனியம்மாள் அக்கா. அது அக்கா யோசனைதான் என்று பழைய ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள். விழா நடக்கும் மாதக் கடைசியோடு அக்கா ஓய்வு பெறுகிறார். "என்ற பேரு ஒரு வரி வருமுங்களா? மாப்பிள்ளைகிட்டக் காட்டோணும்" என்று கேட்டிருந்தார். ஒரு வரிக்கு இரண்டு வரியாகவே எழுதினேன்.

முதலாளி இரண்டையும் பச்சை மையில் அடித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஏன் என்று கேட்டும்விட்டேன். அவர் மரியாதை குறையாமல்தான் சொன்னார்: "பேரெல்லாம் எதுக்குங்க? 'நிர்வாகம் சிந்தித்தது'ன்னு போட்டுருங்க, எல்லாருக்கும் பொதுவா இருக்கும்."

ஏழாம் பக்கம்

முதல் பாக்கெட் வெளிவந்த அன்று எடுத்த படம் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் முதலாளி சிரிக்கிறார். மறுபக்கமிருந்து ஒரு கை மட்டும் வந்து பாக்கெட்டை நீட்டுகிறது. கையை வெட்டிவிடலாமா என்று லேஅவுட் போடுகிறவர் கேட்டார். வெட்டினால் பாக்கெட்டும் போய்விடுமே என்றேன். பாக்கெட் நடுவில் வருகிற மாதிரி முழுப் பக்கத்துக்குப் போடச் சொன்னேன்.

விழாவன்று அக்கா மலரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தன் பெயரைத் தேடுகிறார் என்று தெரிந்து, அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழாம் பக்கத்தில் நின்றார். மருமகனைக் கூப்பிட்டார்: "மாப்பிள்ளை, இங்க பாருங்க, இந்த வளையல் போட்ட கை என்னுதுங்க. மொதலாளி ஓரமாத்தான் நிக்கறாரு."

கடைசிப் பக்கத்தில் 'தொகுப்பு: நிர்வாகம்' என்று அச்சாகியிருக்கிறது, அந்த மலரில் எனக்கு ஒரு கைகூட இல்லை.