றோஸ்மலரின் ஆறு பே சிலிப்புகள்

தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனுக்கு அருகே இருந்த ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் றோஸ்மலர் ஒன்பது வருஷம் ரோல்ஸ் பலகாரம் சுற்றினாள். இரண்டு தம்பிமாரையும் கனடாவுக்கு அனுப்பி முடித்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகுதான் தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைத்தாள். 2005 ஜூன் மாதம் நீர்கொழும்பில் செபநாயகத்தை மணந்தாள். அவன் ஒரு ஐஸ் பக்டரியில் மெக்கானிக். அவர்கள் சேர்ந்திருந்தது இருபத்துநாலு நாள்.

திரும்பி வந்ததும் அவனைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார்கள். கணவனை பிரிட்டிஷ் அரசாங்கக் காசில் கை வைக்காமல் பராமரிக்கத் தன் வருமானம் போதும் என்று றோஸ்மலர் காட்ட வேண்டியிருந்தது. வருமானம் இருந்தது. ஆனால் முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கையில்தான் கொடுப்பார். சம்பளத்துக்குப் பே சிலிப் கேட்டபோது, வரி வெட்டினால் உமக்குத்தான் நட்டம் என்று சொல்லிவிட்டு, கடைத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். கொழும்பில் இருந்த விசா அதிகாரிக்கு அந்த நாலு வரி போதவில்லை. 2006 பிப்ரவரியில் மறுப்புக் கடிதம் வந்தது.

அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. அப்பீல் போட்டுவிட்டு, அடுத்த மாதமே ஒரு ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சம்பளம் குறைவு, ஆனால் மாதம் பிறந்தால் உறையில் பே சிலிப் வரும். நீராவியில் முகம் வெந்தது. பெட்ஷீட்களை உதறி மடிக்கும்போதெல்லாம் அவளுக்கு செபநாயகத்தின் கை ஞாபகம் வரும். பக்டரியால் வந்து ஒரு மணித்தியாலம் ஆகியும் அவன் உள்ளங்கை குளிர்ந்தே இருக்கும். அந்தக் கையை அவள் கழுத்தில் வைத்தால் உடம்பு முழுக்கச் சிலிர்க்கும். இருபத்துநாலு நாளில் அவள் மறக்காமல் வைத்திருந்தது அதைத்தான். முகத்துக்குப் படம் இருந்தது, குரலுக்கு டெலிபோன் கார்ட் இருந்தது. அவன் எப்படி நடப்பான் என்பது மட்டும் மெல்ல மெல்ல மறந்து போனது. ஒரு நாள் பஸ்ஸில் அதை நினைவுக்குக் கொண்டுவர முடியாமல், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

செப்டெம்பரில் அப்பீல் விசாரணை. அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி கமலேஸ்வரியும் கூட வந்தாள். மாடி அறையில் புருஷன் பெண்சாதி இருவரும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். றோஸ்மலர் ஆறு மாதத்துப் பே சிலிப்புகளையும் ஒரு மடிப்பு விழாமல் கொண்டு போயிருந்தாள். நீதிபதி வயதான மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். வாடகை எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பே சிலிப்புகளைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கித்தான் தமிழில் சொன்னார்.

“விசா மறுத்த அண்டைக்கு உங்கட நிலைமை என்ன எண்டதை மட்டும்தான் அவர் பார்க்கலாமாம். அதுக்குப் பிறகு சேர்ந்த வேலையைக் கணக்கில எடுக்கச் சட்டம் விடாதாம்.”

“அண்டைக்கும் நான் வேலை செய்துகொண்டுதான் இருந்தனான், ஐயா,” என்றாள் றோஸ்மலர். “பேப்பர்தான் இல்லை.”

நீதிபதி தலையை ஆட்டினார். அப்பீல் தோற்றது. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று தீர்ப்பின் கடைசியில் எழுதியிருந்தது.

அந்த ஞாயிறு போனில் செபநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னாலதான் நீர் இவ்வளவு கஷ்டப்படுறீர்,” என்றான் கடைசியில். “பேசாம இஞ்ச வந்திடும். என்ர சம்பளத்தில சீவிக்க ஏலும்.”

அவளுக்கு ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மறுநாள் வேலை முடிந்து ஒரு டிக்கெட் ஏஜென்சிக்குப் போய், ஒரு வழி டிக்கெட் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டும் வந்தாள். ஆனால் அங்கே திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது; அந்தக் கிழமையே செபநாயகத்தோடு வேலை செய்த ஒரு தமிழ்ப் பொடியனை ஆமிக்காரர் வீதிச் சோதனையில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. றோஸ்மலர் டிக்கெட் விலை எழுதிய துண்டைக் கிழித்துப் போட்டாள். “நான் அங்க வரேல்லை. நீங்கள்தான் இஞ்ச வாறீங்கள்,” என்று போனில் சொன்னாள். அப்படி உறுதியாக அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தரம்.

சனி, ஞாயிறு வேலையும் கேட்டு எடுத்தாள். வேலைத்தலத்தில் மேற்பார்வை பார்த்த பியற்றிஸ், மன்னார்க்காரி, யாராவது வராத நாளெல்லாம் முதலில் இவளைத்தான் கூப்பிட்டாள். டிசம்பரில் விண்ணப்பம் மறுபடி போனது. இந்த முறை பே சிலிப், வங்கிக் கணக்கு, வேலைத்தலத்துக் கடிதம், கமலேஸ்வரியின் வீட்டுப் பத்திரம் என்று எல்லாம் இருந்தன. நத்தார்ப் பண்டிகைப் பூசைக்குத் தேவாலயத்தில் ஜோடி ஜோடியாக நின்றவர்களுக்குப் பின்னால் அவள் தனியாக முழங்காலில் நின்றாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவன் பெயரை மட்டும் சொன்னாள்.

மார்ச் மாதம் விசா கிடைத்தது.

ஹீத்ரோவில் தள்ளுவண்டியோடு வெளியே வந்தவன் படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தான். இடது காலைச் சற்று அகட்டி வைத்து நடந்தான். மறந்துபோயிருந்த அந்த நடையை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவன் கிட்ட வந்து நின்றான். இருவருக்கும் முதலில் வெட்கமாக இருந்தது.

“நல்லா மெலிஞ்சு போனீர்,” என்றான்.

குரோய்டன் போகிற பஸ்ஸில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவள் கை விறைத்தது, எடுக்கவில்லை. வீட்டுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. வழியில் வாகன நெரிசல் என்று டிரைவர் அறிவித்தபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது. பிறகு மற்றக் கையால் போனை எடுத்து பியற்றிஸுக்கு அடித்து, நாளைக்குச் சுகமில்லை, வரமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னாள். பியற்றிஸ் சிரித்துவிட்டு, நாளைக்கும் நாளையிண்டைக்கும் சுகமில்லாமல்தான் இருக்கும் என்று வேலைப் பட்டியலில் தானே எழுதிக்கொண்டாள்.