எஞ்சினுக்குக் காட்டிய கற்பூரம்

போன மாதம் கடலூரில் ஓர் எஞ்சினை எரித்துவிட்டு வந்தேன். திருட்டுத்தனமாக அல்ல. ஆட்களைக் கூட்டி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பட்டப்பகலில் எரித்தேன். சுற்றி நின்றவர்கள் கைகூப்பினார்கள் வேறு.

நடந்ததைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

சிங்காரம் என்னோடு சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தவன். நான் பட்டத்தைக் காட்டி அங்கேயே ஓர் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டுப் படகுக்குத் திரும்பிவிட்டான். கடலூர் முதுநகரைத் தாண்டி, உப்பனாற்றங்கரையில் வீடு. ஒரு ஃபைபர் படகு. அதன் பின்பக்கம் மாட்டுகிற பழைய அவுட்போர்டு எஞ்சின் ஒன்று. பெயின்ட் உரிந்து, மேல்மூடி விரிசல் விட்டு, விரிசலுக்குப் பசை போட்டு... அவன் மனைவி தனலட்சுமிக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்ட எஞ்சின் அது. இரண்டு பேருக்கும் ஆகாது. தனத்துக்கும் எஞ்சினுக்கும் சொல்கிறேன்.

"மச்சான், ஞாயித்துக்கெழம வந்துடு. எஞ்சினுக்கு வாட்டர் பம்ப் மாத்துறேன். நீதான் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். உன் கை ராசியான கை" என்றான் போனில்.

என் கை ராசியானது என்று என் வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. உடனே பஸ் ஏறிவிட்டேன்.

வாட்டர் பம்ப் என்றால் என்ன? எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். காருக்கு ரேடியேட்டர் இருக்கிறது. படகு எஞ்சினுக்கு ஆறும் கடலும்தான் ரேடியேட்டர். எஞ்சினின் கீழ்ப்பாகத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். பூ மாதிரி இதழ் விரித்திருக்கும். இம்பெல்லர் என்கிறார்கள். அது சுழன்று வெளியே இருக்கிற தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். எஞ்சினைக் குளிர வைத்த தண்ணீரில் கொஞ்சம், பக்கத்தில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சும். அந்தத் தண்ணீர் வந்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. வராவிட்டால்... உடனே நிறுத்திவிட வேண்டும்.

சிங்காரம் எஞ்சினைப் படகிலிருந்து கழற்றி, வீட்டு வாசலில் ஒரு மர ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தான். உப்புத் தண்ணீர் பட்டுப்பட்டு போல்ட்டெல்லாம் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினான். சுத்தியால் தட்டினான். கெஞ்சினான். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை சொன்னான். கீழ்ப்பாகம் கழன்று வந்தது. உள்ளே பழைய ரப்பர் இதழெல்லாம் கருகி, பாதி உதிர்ந்து கிடந்தது.

"பாத்தியா, டூப்ளிகேட் சரக்கு. போன தடவ மாத்துனது. ஒரு வாரம் தாங்கல."

"அதுக்கு முன்ன மாத்துனது?"

"அதுவும் டூப்ளிகேட்டு."

புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, எஞ்சின் சுற்றுகிற பக்கமாகவே திருகி உள்ளே தள்ளினான். அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய குட்டி இரும்புத் துண்டு மணலில் விழுந்துவிட, நாங்கள் இருவரும் வாசல் முழுக்கத் தவழ்ந்து தேடினோம். கிடைத்தது. மூடி, முடுக்கி, துடைத்து வைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததோடு சரி.

அப்புறம் பூஜை. பூஜை இல்லாமல் நம் ஊரில் எந்த மெஷின் ஓடியிருக்கிறது? புவனகிரிப் பக்கம் எங்கள் நிலத்தில் போர் மோட்டாருக்கே பொட்டு வைப்போம். எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. கீழே எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். "பன்னண்டு மணிக்கு எமகண்டம் வந்துடும், சீக்கிரம்" என்று விரட்டியவன் வேறு யார்? நான்தான்.

கயிற்றை இழுத்தேன். என் தோள்பட்டைதான் சத்தம் போட்டது. மறுபடி இழுத்தேன். எஞ்சின் உறுமியது.

"இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடு மச்சான். சாமி காதுல விழட்டும்" என்றான் சிங்காரம்.

கொடுத்தேன். கற்பூரம் சுற்றி, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு, பூசணிக்காய் உடைத்து முடிக்கிற வரைக்கும் கொடுத்தேன். என் போனை வாங்கி ஒருவர் வீடியோ எடுத்தார். வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு. சிதம்பரம் வந்து இறங்கியபோது நானே ஒரு கப்பலைக் கட்டி முடித்த மாதிரி நடந்தேன்.

புதன்கிழமை போன் வந்தது.

"நடுக்கடல்ல எஞ்சின் நின்னுடுச்சு. கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க மச்சான்..." என்றான்.

கரையில் எல்லோரும் பார்க்க, இன்னொருவர் படகு இழுக்க, தன் படகில் சும்மா உட்கார்ந்து வருவது எப்படி இருக்கும்? நடுரோட்டில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போதே நமக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். வாசலில் அதே ஸ்டாண்டு. அதே எஞ்சின். தனம் எனக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. நடுக்கடல்ல எஞ்சின் நின்னா அவுங்க மட்டுமா நிக்கிறாங்க? கரையில நானுந்தான் நிக்கிறேன். இதான் கடைசி. இன்னொரு தரம் நின்னுச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில எந்தம்பி சொல்லி வெச்சிருக்கான். வாட்ச்மேன் வேல, கேட்டுல ஒக்காந்தாப் போதுமாம். சட்ட அளவுகூட எடுத்துட்டுப் போயிட்டான்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள்.

அவள் உள்ளே போனதும் சிங்காரம் மெதுவாகச் சொன்னான். "கேட்டுல ஒக்காந்து லாரி எண்ணுறதுக்கா மச்சான் நான் நீச்சல் கத்துக்கிட்டேன்?"

கரையில் நின்று காற்றைப் பார்த்தே இன்றைக்கு என்ன மீன் கிடைக்கும் என்று சொல்கிறவன் அவன். அவனை ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

பம்ப்பைத் திறந்தான். புது ரப்பர் உருகி, சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை டூப்ளிகேட் என்று சொல்ல அவனுக்கே வாய் வரவில்லை.

"கண்ணு பட்டிருக்கு மச்சான். இந்தத் தடவ பூசைய ஜாஸ்தியா பண்ணிடுவோம். ரெண்டு பூசணிக்கா."

பேச்சை மாற்றலாம் என்று போனை எடுத்துப் போன வார வீடியோவைப் போட்டேன். அன்றைக்கு வஞ்சிரம் வறுத்துக்கொண்டு அடுப்படியிலேயே இருந்த தனம் என் வீர சாகசத்தை இன்னும் பார்க்கவில்லையே. அவளும் வந்து எட்டிப் பார்த்தாள். எஞ்சின் கத்துகிறது. நான் பல் தெரியச் சிரிக்கிறேன். கற்பூரம் சுற்றுகிறார்கள்... சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

"தண்ணி எங்கங்க வருது?" என்றாள் தனம்.

"தெருவுல ஏது தண்ணி?" என்றான் சிங்காரம்.

"தண்ணி இல்லாம ஓட்டக் கூடாதுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் கத்துவீங்க?"

"அது ஓட்டுறதுக்கு. இது சாமிக்குப் போட்டது. சாமிக்குப் போட்டா ஒண்ணும் ஆவாது."

சொல்லி முடித்தான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உருகிய ரப்பரைப் பார்த்தோம். மறுபடி வீடியோவைப் பார்த்தோம்.

விஷயம் இவ்வளவுதான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அந்த ரப்பர் காய்ந்து உரசியே கருகிவிடும். இதெல்லாம் சிங்காரத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வேறு யாராவது அப்படி ஓட்டினால் அடிக்கவே போவான். ஆனால் பூஜைக்கு மட்டும் விதிவிலக்கு. பம்ப் மாற்றுவான், பூஜை போடுவான், பூஜையிலேயே பம்ப் பாதி போய்விடும். மீதியும் போய் எஞ்சின் கடலில் நிற்கும். கண்திருஷ்டி என்பான். அடுத்த பூஜை இன்னும் நீளும். அந்த ரப்பர் என்னதான் செய்யும், பாவம்?

சிங்காரத்தை மட்டும் சொல்வானேன்? என் மாமா ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். காபிக்குக்கூடச் சர்க்கரை தொடமாட்டார். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் என்றால் இரண்டு தொன்னை. "பிரசாதம்ப்பா, ஒண்ணும் பண்ணாது." கோயிலுக்குப் போகும்போது மட்டும் ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? சாமிக்குச் செய்வதென்றால் ரப்பரும் ரத்தமும் ரோடும் நமக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று ஒரு நம்பிக்கை.

முதுநகர் கடையில் இன்னொரு இம்பெல்லர் வாங்கி வந்தோம். அதே சோப்புத் தண்ணீர், அதே திருகல். இந்தத் தடவை இரும்புத் துண்டை நான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன்.

"பூசைய விட்டுடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பூச போடாம எப்படிண்ணே கடலுக்கு அனுப்புறது?" என்றாள் தனம். எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடுவேன் என்று சற்று முன்னால் சொன்ன அதே தனம். "எஞ்சின் ஆத்துக்குப் போவட்டும். பூசையும் அங்கயே வரட்டும்."

எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் நின்ற படகில் மாட்டினோம். கீழ்ப்பாகம் தண்ணீருக்குள் இறங்கியது. சிங்காரம் படகில் ஏறி, நியூட்ரலில் போட்டான். தனம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். கையில் தட்டு, தட்டில் கற்பூரம். கரையில் ஒரு கூட்டமே நின்றது. புதன்கிழமை கயிறு கட்டி இழுத்து வந்ததைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும்.

சிங்காரம் கயிற்றை இழுத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோருடைய கண்ணும் அந்தச் சின்ன ஓட்டையில். ஒன்றும் வரவில்லை. சிங்காரம் குனிந்து எட்டிப் பார்த்தான். அப்புறம் ஒரு செருமல்... சர்ரென்று தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எங்கே? நேராகத் தனத்தின் தட்டில். கற்பூரம் பொசுக்கென்று அணைந்தது.

பூஜையில் கற்பூரம் அணைந்தால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டுமா? சிங்காரத்தின் கை எஞ்சினை நிறுத்தும் பட்டனுக்குப் போய்விட்டது.

"நிறுத்தாதீங்க" என்றாள் தனம். முகத்தில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். பக்கத்தில் போய், அந்தத் தண்ணீரில் கையை நீட்டிப் பார்த்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "நல்லா வருது. நாளைக்குக் கடலுக்குப் போங்க."

முதலில் யார் கைதட்டினார்கள் என்று தெரியவில்லை. கடைசியாகக் கைதட்டலை நிறுத்தியவன் நான்தான்.

கற்பூரத்தை அணைக்கத் தெரிந்த எஞ்சின்தான் ஆளைக் கரை சேர்க்கும்.