ஒரு ஜெபத்தின் நீளம்

என் பெரியம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். அவருடைய இடம் இஸ்திரி உருளையின் முன்னால். இரண்டு பேர் ஈரமான படுக்கைவிரிப்பின் இரு முனைகளைப் பிடித்து, நேராக இழுத்து, உருளையின் விளிம்பில் வைப்பார்கள். அந்தச் சூடான உருளை துணியைக் கவ்விக்கொண்டதும் கையை விட்டுவிட வேண்டும். சீக்கிரம் விட்டால் விரிப்பு கோணலாகச் சுருண்டு உள்ளே போகும். தாமதமாக விட்டால் என்ன ஆகும் என்று அறிய அவருடைய வலது கையைப் பார்த்தால் போதும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு கிழிந்த விரிப்பின் ஓரநூல் அவர் விரல்களில் சுற்றிக்கொண்டது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி அன்று கழன்று கிடந்தது. இப்போது கம்பியைப் புதிதாக மாட்டிவிட்டார்கள். பெரியம்மாவின் மூன்று விரல்கள்தான் அன்றிலிருந்து மடங்குவதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன.

புண் ஆறி, நீண்ட விடுப்பு முடிந்து திரும்பிப் போனபோது மேற்பார்வையாளர் ஒளிக்காமல் பேசினார். "அக்கா, துணி மடிக்கிற மேசையில பத்து விரலும் வேணும். உருளைக்கு ரெண்டு விரல் போதும். மூணு வாரம் பாருங்க. முடியலன்னா உங்கள வைக்கறதுக்கு வேற இடம் என்கிட்ட இல்ல."

இரண்டு விரல்கள் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விரல்களுக்கும் பயம் இருந்தது. உருளை துணியைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்பே அவை துணியை விட்டுவிட்டன. முதல் நாள் காலையில் மட்டும் பதினேழு விரிப்புகள் கோணலாகப் போயின. மறுமுனையைப் பிடிப்பவருக்குக் கூடத்தில் 'ரேடியோ' என்று பெயர். ஒன்பது வருடமாகப் பெரியம்மாவின் ஜோடி அவர். வாய் ஓயாத அவரே அன்று பேசவில்லையாம்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. சாப்பாட்டு மேசையின் ஒருபக்கம் பெரியம்மா, மறுபக்கம் நான். நடுவில் பெரியப்பாவின் கட்டிலில் இருந்து உருவிய விரிப்பு.

"ஏம்மா, வீட்டுலயும் ஷிப்ட் போட்டாச்சா? நான் வெறுங்கட்டில்லயா படுக்கணும்?" என்றார் பெரியப்பா.

"கொஞ்சம் பொறுங்க. மடிப்பில்லாம தர்றேன்."

மேசையில் விரிப்பு ஒருமுறைகூடக் கோணவில்லை. நான் பாராட்டினேன். "மேசை கடிக்காதுல்ல," என்று சொல்லிவிட்டு விரிப்பை மடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பெரியம்மாவுக்காக ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் பாட்டு டீச்சர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் சாட்சி சொல்லிடுங்க. பயத்தைக் கர்த்தர் எடுத்துப்போட்டார்னு. நான் பாட்டுகூடப் பாத்து வெச்சுட்டேன்." எங்கள் சபையில் சாட்சி என்றால், கடவுள் தனக்குச் செய்ததை எல்லார் முன்பும் எழுந்து சொல்வது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பெரியம்மா தலையாட்டிவிட்டார். போதகரும் குறித்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் பெரியம்மா கடவுளிடம் கேட்டது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமைக்குள் பயம் போய்விட வேண்டும். அது போகவில்லை. ஒவ்வொரு விரிப்பையும் எடுக்கும்போது, "ஆண்டவரே, என் கையைப் பாத்துக்கோங்க" என்று முணுமுணுப்பார். வியாழக்கிழமை ரேடியோ மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் உங்க சபைக்கு வர்ற ஆளில்ல."

"சொல்லு."

"அந்த ஜெபத்தை நீங்க முழுசா சொன்னா விரிப்பு நேரா போகுது. பாதியில முழுங்கினா கோணுது. நானும் ரெண்டு நாளா பாத்துட்டேன்."

"நீ அதையெல்லாமா கேக்குற?"

"பின்ன? நான் வாயை மூடிட்டு இருக்கும்போது காதுக்கு வேற என்ன வேலை?"

பெரியம்மா சிரிக்காமல் அடுத்த விரிப்பை எடுத்தார் என்று ரேடியோ பிறகு எங்கள் வீட்டில் சொன்னார். இந்தமுறை ஜெபத்தைக் கடைசிச் சொல்வரை சொன்னார். சொல்லி முடியும்போது உருளை துணியைக் கவ்வியது. கையை விட்டார். விரிப்பு நேராகப் போனது.

பயம் போயிருந்ததா என்று அன்று மாலை கேட்டேன். "இல்ல. நடுங்கிட்டேதான் சொன்னேன். இத்தனை நாளா ஜெபத்தையும் ஓட ஓடச் சொல்லியிருக்கேன். சாமியைக்கூட அவசரப்படுத்திட்டு இருந்திருக்கேன் பாரு."

ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்தபோது பாட்டு டீச்சர் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார். பெரியம்மா மடங்காத கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"பயம் போயிடுச்சுன்னு சொல்றதா இருந்தேன்," என்றார். "போகல. பொய் சொல்லி உக்கார மனசு வரல. ஆனா பயத்தோட ஒரு விரிப்பு நேரா போச்சு. அப்புறம் இன்னொண்ணும் போச்சு. அதுக்குக் கர்த்தர்தான் கூட நின்னார். அதுதான் என் சாட்சி."

யாரும் ஆமென் சொல்லவில்லை. எங்கே சொல்வது என்று தெரியவில்லை போலும். போதகர்தான் கேட்டார். "அப்ப நாங்க என்னன்னு ஜெபிக்கட்டும்மா?"

"நான் அவசரப்படாம இருக்கணும்னு ஜெபிங்க ஐயா."

பாட்டு டீச்சர் புத்தகத்தை மூடினார். பிறகு அவரும் கண்களை மூடிக்கொண்டார்.

மூன்றாவது வாரத்தின் கடைசி நாள், மேற்பார்வையாளர் உருளையின் மறுபக்கம் வந்து கைகட்டி நின்றார். பெரியம்மா முதல் ஜெபத்தை விழுங்கிவிட்டார். விரிப்பு கோணியது. "முழுசா, அக்கா," என்றார் ரேடியோ, உதடு அசையாமல். இரண்டாவது நேராகப் போனது. மூன்றாவதும் போனது. வண்டியில் இருந்த விரிப்புகள் தீரும்வரை மேற்பார்வையாளர் அசையவில்லை. வெளியே வந்த கடைசி விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க," என்றபடி நடந்தார்.

அன்று மாலை பெரியம்மா வெந்நீரில் கையை நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனை கோணல் என்று கேட்டேன்.

"மூணு."

"பயம்?"

"அதுக்கும் திங்கக்கிழமை ஏழு மணிக்குத்தான் வேலை," என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தரச் சொன்னார்.