பழுப்பு அட்டைக்குள் ஒரு துப்பறியும் கதை

ஏற்காட்டில் ஓர் உறைவிடப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. பணி நிலைப்பதற்கு இன்னும் இரண்டு மாதம். அப்பள்ளியில் எந்த நூலானாலும் பழுப்புத் தாளால் அட்டையிட வேண்டும் என்பது விதி. கடைத்தெருவில் ஒரு பாய் நடத்திய வாடகை நூலகத்திலிருந்து எடுத்துவந்த துப்பறியும் கதைக்கும் அவ்வாறே அட்டையிட்டு, ஆசிரியர் அறையின் பொது மேசையில், இலக்கண உரைகளுக்கு நடுவே வைத்திருந்தேன்.

ஒரு முற்பகலில் தலைமையாசிரியை உரைநூல் என்றெண்ணி அதைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே ஒரு பிணம் கிடந்தது.

"இந்தக் குப்பை யாருது?"

கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க தமிழ் படிச்சவங்க. இதெல்லாம் என்ன தரம்னு நீங்களே சொல்லுங்க."

"தரமே இல்லைங்க" என்றேன். முந்தைய மாலை எழுபது பக்கங்களை மூச்சுவிடாமல் படித்தவள் நான்.

"அப்ப சமையல்கட்டு ஆளுங்களோடதுதான்" என்று சமையற்கார அம்மாளை அழைத்தார். பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்திலிருந்து வரும் அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, நான் கைநாட்டுங்க. படிக்கத் தெரிஞ்சா இங்க எதுக்குங்க வெங்காயம் உரிக்கறேன்?" என்றார். எல்லாரும் சிரித்தனர். என் உதடுகள் மட்டும் இணங்கவில்லை.

நூலினுள் கடையின் முத்திரை இருந்தது. எடுத்தது யாரென்று விசாரித்துவரத் தலைமையாசிரியை அனுப்பியது என்னைத்தான்.

கடைத்தெருவுக்கு இறங்கினேன்.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா டீச்சரம்மா? கொலகாரன் யாருன்னு நான் சொல்லட்டுங்களா?" என்றார் பாய்.

"யாராவது கேட்டா, லாட்ஜ்ல தங்கின வெளியூர்க்காரர் எடுத்தாருன்னு சொல்லிடுங்க பாய்."

அவர் முகம் சுருங்கியது. "எதுக்குங்க? இதென்ன சாராயமா, ஒளிச்சு வெக்க? எங்க ஊட்ல அத்தன பேரும் படிக்கறோம். கேட்டா உள்ளதத்தானுங்க சொல்லுவேன்."

திரும்பி வந்து, கடையில் பெயர் குறித்துவைப்பதில்லையாம் என்று பொய் சொன்னேன். தலைமையாசிரியை நம்பினார். அதன்பின் அவர் குடையுடன் கடைத்தெருவுக்குப் புறப்படும்போதெல்லாம், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் என் கை பாதிச் சொல்லில் நின்றுவிடும்.

இரண்டு மாதம் கழித்துப் பணி நிலைப்பு ஆணையை அவரே கொணர்ந்து தந்தார். "பிள்ளைங்களோட ரசனைய உங்களை நம்பித்தான் விடறேன்" என்று என் கையைப் பற்றியவர், அது சில்லிட்டிருப்பதை உணர்ந்து, "இந்த வருஷம் குளிர் அதிகந்தான்" என்றார்.