பாதித் தலையும் ரத்தான விமானமும்

உள்ளறையில் அலமாரிக் கதவு படாரென்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. அடுத்து இழுப்பறை. மறுபடியும் அலமாரி. தங்கை வாயைத் திறக்காமலே தன்னைத் திட்டுகிறாள் என்று கத்திரி அக்காவுக்குப் புரிந்தது.

முன்னறைதான் அக்காவின் அழகு நிலையம். சுவரை அடைத்த கண்ணாடி, சுழல் நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சில் துவைத்த துண்டுகள் குவிந்து கிடந்ததால், விமான நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளைஞர் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே சத்தம் கேட்கும்போதெல்லாம் நாற்காலி அவரையும் சேர்த்து அந்தப் பக்கம் திருப்பியது.

வீட்டில் ஏதாவது மராமத்து வேலை நடக்கிறதா என்று கேட்டார்.

“அதெல்லாம் இல்ல தம்பி. என் தங்கச்சி. கல்யாணத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் வந்திருக்கா. துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுவாளாம், இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டாளாம்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் ஒரே துண்டை நான்காவது முறையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்குப் பால்பல் விழும் வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்று கத்திரி பிடித்தவள்தான் அக்கா. ஊரார் தலைகளை அழகாக்கித் தங்கையைப் படிக்க வைத்தாள். அவளுக்குத் தொழிலில் ஒரே ஒரு விரதம். ஒரு தலையில் கை வைத்துவிட்டால் அதை முடிக்காமல் கத்திரியைக் கீழே வைக்க மாட்டாள். அவளுக்கு இருந்த ஒரே குறை நாக்கு. தங்கை தன் மனதுக்குப் பிடித்தவரை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள், கடைசியில் உச்சந்தலையைப் பார்த்தாள். பையன் தங்கம்தான், ஆனால் நாற்பது வயதில் இந்த இடம் வெட்டவெளியாகிவிடும் என்றாள். அதையும் பையனின் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள்.

அப்படிச் சொன்னவள் மாப்பிள்ளை ஊரில் நடந்த கல்யாணத்துக்குப் போய்ச் சேராததற்கு எந்தக் காரணம் சொன்னாலும் யார் நம்புவார்கள்? விமானம் ரத்தாகிவிட்டது என்று அவள் தொலைபேசியில் அழுததை இரண்டு குடும்பமும் நொண்டிச் சாக்கு என்றே எடுத்துக்கொண்டது. அக்கா போட வேண்டிய கொண்டையை மாப்பிள்ளையின் அத்தை போட்டாள். அது எல்லாப் புகைப்படத்திலும் ஒரு பக்கமாகச் சரிந்து, மணப்பெண்ணுக்குக் கழுத்துச் சுளுக்கோ என்று பார்க்கிறவர்களைக் கேட்க வைத்தது.

நிறுவனத்தின் தவறால் விமானம் ரத்தானால் பயணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதும் அக்கா மனு எழுதினாள். அவளுக்குப் பணம் பெரிதில்லை. பணம் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? அந்த வார்த்தையைத் தங்கையின் காதில் போட வேண்டும். அவ்வளவுதான்.

இளைஞர் ஒரு காகிதத்தை நீட்டினார். “அக்கா, அன்னிக்குச் சாயங்கால விமானத்துல உங்களுக்கு இடம் போட்டோம். நீங்க போகல. அதனால இழப்பீடு வராது. ஆனா இலவசமா ஒரு டிக்கெட் தர்றோம். ‘மாற்று இடத்தை நானே வேண்டாம்னுட்டேன்’னு இங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்.”

உள்ளறைச் சத்தம் சட்டென்று நின்றது. அறை வாசலில் தங்கை நின்றாள்.

“சாயங்காலம் இடம் இருந்துச்சா? இருந்தும் நீ வரலையா?”

அக்கா துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். விமானம் ரத்து என்றதும் விமான நிலைய மண்டபம் சந்தைக்கடையானது. பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏதோ ஒரு குழந்தை துப்பிய சூயிங்கம் பக்கத்தில் இருந்த பெண்ணின் கூந்தலில் ஒட்டி, அவள் இழுக்க இழுக்கப் பரவி, கடைசியில் அழவே ஆரம்பித்துவிட்டாள். அக்காவின் கை சும்மா இருக்குமா? பெட்டியைத் திறந்து கத்திரியை எடுத்தாள். வலது பக்கம் காதளவுக்கு வெட்டி முடித்த நேரத்தில் சாயங்கால விமானத்துக்கு அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் இருங்கள் என்றாள். அவர்கள் இருக்கவில்லை.

“உன் தலைய விட்டுட்டு ஊர் பேர் தெரியாத தலைக்கு நின்னுட்டேன்னு எந்த வாயால உங்கிட்டச் சொல்லுவேன்?”

தங்கை ஓரடி முன்னால் வந்தாள்.

“இடது பக்கம்?”

“அப்படியே இருந்துச்சு.”

“எதுவரைக்கும்?”

“இடுப்பு வரைக்கும்.”

தங்கையின் உதடு முதலில் துடித்தது, பிறகு தோள் குலுங்கியது. அது அழுகையல்ல, சிரிப்பு. ஒருமுறை இதே அறையில் திரைச்சீலை தீப்பற்றியபோது, ஆடாமல் உட்காருங்கள் என்று வாடிக்கையாளரை அதட்டிவிட்டு, காலாலேயே வாளித் தண்ணீரைத் தள்ளிவிட்டவள் இந்த அக்கா. தங்கைக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

அவள் இளைஞர் பக்கம் திரும்பினாள். விமானம் ஏன் ரத்தானது, புயலா மழையா என்று கேட்டாள். இரண்டும் இல்லை, விமானிக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்யத் தவறிவிட்டோம் என்றார் அவர். ரத்துக்குத் தர வேண்டிய இழப்பீடு, கூப்பிட்ட உடனே ஓடி வராததால் இல்லாமல் போகுமா என்றாள்.

நாற்காலி மெல்லச் சுழன்று இளைஞரைக் கண்ணாடிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது. அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “போகாதுங்க. மாற்று இடம் வேற, இழப்பீடு வேற. கையெழுத்து கிடைச்சா வாங்கிட்டு வான்னு மேல இருந்து சொன்னாங்க.”

தன் பேனாவாலேயே அந்த வரியை அடித்தார். ரத்துக்கு நிறுவனமே பொறுப்பு, இழப்பீடு தர வேண்டியது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

“அதை வாயால ஒரு தடவை சொல்லிடுங்க தம்பி” என்றாள் அக்கா.

“எங்க தப்புதான் அக்கா.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அவரைப் பிடிக்காமதான் நீ வரலைன்னு நெனச்சேன்.”

“பிடிக்கலதான். அதுக்காக உன் கொண்டைய அந்த அத்தை கையில விடுவேனா?”

இந்த முறை தங்கை சிரித்தாளா அழுதாளா என்று யாராலும் சொல்ல முடியாது. அக்காவின் தோளில் முகம் புதைந்திருந்தது.

இளைஞர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். விமான நிலையம் பக்கமாகத்தான் வண்டியில் போகிறேன், பெட்டியோடு நீங்களும் வருகிறீர்களா என்று தங்கையிடம் மரியாதைக்குக் கேட்டார்.

“நான் இன்னிக்குப் போகல. நீங்க பாத்துப் போயிட்டு வாங்க.”

அவர் படியிறங்கும்வரை நின்றுவிட்டு, தங்கையே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.