அரை உருண்டைக் களி

கட்டைப் பிரித்தபோது, காலில் ஒட்டிய தோல் கறுத்திருந்ததை நானே பார்த்தேன். ஒட்டிய ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, திருப்பதி மருத்துவமனை. இன்னொரு முறை ஒட்டலாம், அதுவும் பிடிக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரலாம் என்றார் டாக்டரம்மா.

சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் நான் டைம்கீப்பர், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிப்பவன். ஆனி மாதம், பழ லாரி பின்னால் நகர்ந்து என் இடது கெண்டைக்காலைக் கிழித்தது. எலும்பு தப்பியது. தோல் ஒட்டு (தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்துப் புண்ணின்மேல் வைப்பது) செய்தார்கள்.

நாள் கிழமையோடு எழுதிவைப்பது என் பழக்கம். நோட்டு கட்டிலிலும் இருந்தது. ஆறாத புண்ணோடு இதைப் படிப்பவர்கள், என் தவற்றைச் செய்யாதிருக்கட்டும்.

ஒட்டுக்கு முன்பே, தினம் முட்டையும் கெட்டிப் பருப்பும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டேன். காலையில் சாப்பிட்டால் மத்தியானம் தாண்டியும் பசிக்கவில்லை. கேழ்வரகுக் களி அரை உருண்டைக்குமேல் இறங்கவில்லை. நாங்கள் கூலி வேலை செய்து வந்த குடும்பம். ஆள் தேறிவிட்டானா என்பதை எங்கள் வீடுகளில் களி உருண்டையை வைத்துத்தான் சொல்வார்கள்.

மனைவி ராணி பயந்துபோனாள். "இன்னாய்யா, கோழி கொத்தற மாதிரி துன்ற? இந்த முட்டைதான் உன் வாயைக் கட்டிடிச்சி."

மகன் குவைத்தில் இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் மருத்துவமனைக்கு எதிரிலிருந்த எஸ்.டி.டி. கடைக்குப் போன் செய்வான். ராணி போய்ப் பேசிவிட்டு வருவாள். "நைனா எத்தினி உருண்டை துன்னுதுன்னு கேக்கறான். அரைன்னு சொன்னா வேலைய உட்டுட்டு வந்துடுவான்" என்றாள்.

முட்டையை நிறுத்தினேன். பருப்பும் தண்ணீர்க் குழம்பானது. மூன்றாம் நாளே பசித்தது. இரண்டு உருண்டை சாப்பிட்டேன். 'தேறிவருகிறேன்' என்று நோட்டில் எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை ராணி சிரித்துக்கொண்டே திரும்பிவந்தாள். அதன் பிறகு நடந்ததுதான் முதல் ஒட்டு.

என்ன சாப்பிட்டேன் என்று டாக்டரம்மா கேட்டபோது, கொஞ்சம் பெருமையோடுதான் நோட்டைப் படித்துக்காட்டினேன். அவர் திட்டவில்லை. ஒட்டு தவறப் பல காரணம் உண்டு, இது ஒன்று என்று தெலுங்கில் சொன்னார். ஆல்புமின் (இரத்தத்திலுள்ள ஒரு புரதம்) எனக்கு மிகவும் இறங்கியிருந்தது. முட்டை, பருப்பிலுள்ள புரதம் வயிற்றை நெடுநேரம் நிறைவாக வைத்திருக்கும். நான் நோய் என்று நினைத்தது அந்த நிறைவைத்தான். பிறகு அரைத் தமிழில் கேட்டார்: "களி வயித்துக்குப் போட்டீங்க. காலுக்கு ஏமி போட்டீங்க?"

அன்றிலிருந்து முட்டை முதலில், களி பிறகு. அடுத்த வெள்ளிக்கிழமை ராணி மகனிடம் உள்ளதைச் சொன்னாள், அரை உருண்டைதான் என்று; டாக்டரம்மா சொன்னதையும் சொன்னாள். அவன், "செரி, முட்டை எத்தினி?" என்று கேட்டானாம்.

இரண்டாம் ஒட்டு பிடித்தது.

அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை. எறும்பு ஏறினால் கண்ணால் பார்த்துத்தான் தட்டுகிறேன். வேலைக்குத் திரும்பிவிட்டேன். முன்பு வயிறு சொல்லும், மணி ஒன்று என்று. இப்போது மத்தியானம் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. பசிக்காத உடம்பை நல்ல உடம்பு என்று நம்ப இன்னும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்து எழுந்துபோய், பசியில்லாமலே சாப்பிட உட்காருகிறேன்.