மூன்றாவது கப்பில் சுற்றிய தாள்

எங்கள் பீங்கான் கடையில் அவளுக்குப் பூட்டக்கா என்றுதான் பெயர். இணையதளத்தில் வேலை கேட்டு வரும் விண்ணப்பங்கள் அவள் பொறுப்பு. அதன் பாஸ்வேர்டை முதலாளிக்கே சொல்லமாட்டாள். "நம்மள நம்பி போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் குடுக்கறாங்க. அது என்ன பஸ் ஸ்டாண்டு நோட்டீசா?" என்பாள். வேலை கிடைக்காதவர்களின் விவரத்தை மூன்று மாதத்தில் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவர்களுக்கே மெயிலும் போடுவாள். அந்தப் பெருமையில் எங்களையெல்லாம் புழுவைப் போலப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஆனால் முதலாளிக்குத் திரையில் படித்தால் தலைவலி. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும். அவர் படித்து முடித்த தாள்களை அக்கா பழைய பேப்பர் கூடையில் போடுவாள். கப்புக்குச் சுற்ற நான் தாள் எடுப்பதும் அதே கூடையில்தான். நாலு வருடம் இப்படியே ஓடியது, ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவர் வந்து, கசங்கிய தாள் ஒன்றை நீவி மேசைமேல் வைத்தார். அவருடைய விண்ணப்பம். இப்போதைய வேலையை விட விரும்பும் காரணம் என்ற இடத்தில், 'முதலாளி நாள் முழுக்கக் கத்துகிறார்' என்று எழுதியிருந்தார்.

"என் விவரத்தை அழிச்சாச்சுன்னு உங்க மெயில் வந்துச்சு. நிம்மதியா இருந்தேன். மறுநாள் எங்க முதலாளி உங்ககிட்ட வாங்கின கப்பு ஆறு வந்துச்சு. மூணாவதைப் பிரிச்சாரு. நேத்தோட என் வேலை போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "கப்பு ஒண்ணுகூட உடையலைங்க. நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். பாவமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போனாள்.

"சார், கூடையில போட்டது நான். அவருக்கு இங்க வேலை குடுங்க. இல்லேன்னா என் வேலையைக் குடுத்துடுங்க, நான் கிளம்பறேன்."

"ஐயோ, அப்ப பாஸ்வேர்டு?"

"அதை யாருக்கும் சொல்லமாட்டேன்."

முதலாளி வழிக்கு வந்தார். மறுநாளே அந்த மனிதர் என் பக்கத்தில் பேக்கிங்கில் சேர்ந்தார். தாள் நறுக்கும் மெஷின் ஒன்றும் வந்தது.

சேரும்போது அக்கா ஒரு படிவம் நீட்டினாள். அதிலும் அந்தக் கேள்வி இருந்தது: முந்தைய வேலையை விட்ட காரணம். அவர் பேனாவைக் கடித்தபடி யோசித்து எழுதினார்: 'உங்கள் பேக்கிங்.'

அக்கா அதை முதலாளிக்குக்கூடக் காட்டவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.